பள்ளிக்காக வீடு மாறலாமா? இந்த மாதம் வந்த கேள்விகள்

மலேசியாவில் பிள்ளைக்கு முதலாம் ஆண்டுப் பள்ளிப் பதிவு என்றதும் பாதிப் பேருக்கு வீடு மாறும் யோசனை வந்துவிடுகிறது. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செந்தூல்: வணக்கம் அக்கா. 1,300 வெள்ளி (ரிங்கிட்) வாடகையில் இருக்கிறோம், மகளுக்கு ஆறு வயது. பங்சார் பக்கம் பள்ளிகள் நன்றாக இருக்குமாம். அங்கே 6 லட்சத்தில் ஒரு கொண்டோ பார்த்தோம். செந்தூலிலேயே 4 லட்சத்துக்கும் வீடு கிடைக்கிறது. எது சரி?

தொடக்கப்பள்ளி ஆறு வருடம், கடன் முப்பத்தைந்து வருடம். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. அந்தக் கூடுதல் 2 லட்சத்தையும் கடனாக எடுத்தால், 4 சதவீத வட்டிக்கு மாதம் கிட்டத்தட்ட 900 வெள்ளி. கட்டி முடிக்கும்போது 3 லட்சத்து 70 ஆயிரம். கொண்டோவின் பராமரிப்புக் கட்டணமும் அதற்கு மேல் 10 சதவீத சிங்கிங் ஃபண்டும் (பெரிய பழுதுகளுக்குச் சேர்க்கும் நிதி) தனி. இன்னொன்று, வீட்டுக்காக இபிஎஃப் சேமநிதியிலிருந்து எடுக்கும் பணமும் நாளைக்கு மகளின் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க வேண்டிய பணமும் ஒரே செஜாத்ரா கணக்கில்தான் கிடக்கிறது.

செந்தூலில் தம்புசாமிப்பிள்ளை தமிழ்ப்பள்ளி இருக்கிறதே, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்த பிறகும் பங்சார்தான் என்றால் முதலில் அங்கே வாடகைக்குப் போங்கள். பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடலாம். வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரிக்கே போய்விடலாம்.

ஊர் போடாத கடிதம்: கேஎல்லில் (கோலாலம்பூரில்) பள்ளிக்கு நல்ல ஏரியா எது? சீக்கிரம் பதில் போடவும்.

பிள்ளைக்கு என்ன வயது, எந்த வகைப் பள்ளி, சம்பளம் எவ்வளவு, வேலை எங்கே, எதுவுமே எழுதவில்லை. இதை வைத்து நான் எதைச் சொல்ல? விவரத்தோடு எழுதுங்கள், நிச்சயம் பதில் தருகிறேன்.

இன்னொரு கடிதம்: செமினி பக்கம் புதுத் தாமானில் (குடியிருப்பில்) இரட்டை மாடி வீடு, 5 லட்சத்துக்குள். தாமான் வரைபடத்தில் தமிழ்ப்பள்ளிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மகனுக்கு நாலு வயது, அவன் ஏழு வயதை எட்டுவதற்குள் பள்ளி வந்துவிடும் என்று விற்பனைக்காரர் சொல்கிறார். நம்பி முன்பணம் கட்டலாமா?

இடம் இருக்கிறது, சரி. பள்ளி இருக்கிறதா?

நானும் இதே பேச்சை நம்பி வீடு வாங்கியவள்தான். விற்பனை அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாமானின் மாதிரி வைத்திருந்தார்கள். பள்ளிக்குச் சிவப்புக் கூரை, முன்னால் தீக்குச்சி தடிமனில் ஒரு கொடிக்கம்பம். என் மகன் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, இதுவா என் பள்ளி என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். வீட்டுச் சாவி கிடைத்தபோது அந்த இடத்தில் லாலான் புல் இடுப்பளவு நின்றது. அப்புறம் யாரோ மரவள்ளி நட்டார்கள். அவன் ஆறாம் ஆண்டு முடிக்கிறவரை விடியற்காலை 5.40-க்கு வேன் ஏறி இரண்டு டோல் தாண்டித்தான் பள்ளிக்குப் போனான், பாதி நாள் காலைச் சாப்பாடு வேனுக்குள்தான். அவன் படிவம் 5 முடித்த வருடமும் அங்கே மரவள்ளிதான். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்கு வயிறு எரியும்.

மேம்பாட்டாளர் நிலத்தை ஒதுக்குவது தாமான் திட்டத்துக்கு அனுமதி வாங்க. அதில் பள்ளி எழும்புவது கல்வி அமைச்சு முடிவெடுத்து நிதி ஒதுக்கினால்தான். அதிலும் தமிழ்ப்பள்ளி என்றால், புதிதாக அனுமதி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் குறைந்துபோன ஏதாவதொரு தோட்டத்துப் பள்ளி அங்கே இடம் மாறி வர வேண்டும். இதில் எதற்கும் விற்பனைக்காரர் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்தால், பள்ளி இந்த வருடத்துக்குள் வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் பதில் தெரிந்துவிடும்.

அதனால் வரைபடத்தில் உள்ள பள்ளியை அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இன்றைக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் பள்ளி எது, அதற்கு வேலை நாளில் காலை 6.30-க்குக் காரோட்டிப் போனால் எவ்வளவு நேரம், வேன் கட்டணம் எவ்வளவு (மூன்று வேன்காரரிடமாவது கேளுங்கள்), இவ்வளவும் கூட்டிய பிறகும் கையைக் கடிக்கவில்லை என்றால் வாங்குங்கள். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் இருக்கும், நடுவில் நெடுஞ்சாலை ஓடும், காரில் யூ-டர்ன் எடுத்துச் சுற்றினால் நாலு கிலோமீட்டர் ஆகும்.

அந்த வட்டாரத்தில் தோட்டத்து வழி வந்த சின்னத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. மாணவர் குறைவு என்பதற்காக ஒதுக்காதீர்கள். வகுப்பில் 12 பிள்ளைகள் என்றால் உங்கள் மகன் வாசிக்கத் திணறுவது முதல் மாதத்திலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். நாமே தாண்டித் தாண்டிப் போய்விட்டு, அப்புறம் அந்தப் பள்ளிகளில் ஆளில்லை என்று பேசுவது எனக்கு ஆறாத வருத்தம்.

ரவாங்: பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டுப் பதியலாமா? எல்லாரும் செய்கிறார்களே.

வேண்டாம். அது பொய் முகவரி, அந்த வட்டாரத்திலேயே இருக்கும் ஒரு பிள்ளையின் இடத்தை எடுப்பீர்கள். தினமும் ரவாங்கிலிருந்து இருட்டில் கிளம்பப்போவதும் உங்கள் பிள்ளைதான்.

செராஸ்: மகன் ஐந்தாம் ஆண்டு. நல்ல இடைநிலைப்பள்ளிக்காக இப்போதே வீடு மாறலாமா?

ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-லேயே போய்விட்டது. இப்போது படிவம் 1-க்கு வீட்டு முகவரியையும் படித்த தொடக்கப்பள்ளியையும் வைத்துத்தான் பெரும்பாலும் இடம் தருகிறார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் வழக்கமாக எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு அப்புறம் வீட்டைப் பற்றி யோசியுங்கள். யாரும் கேட்காத ஒன்றையும் கேளுங்கள்: படிவம் 1 காலை நேரமா, மதிய நேரமா? கேஎல்லில் பல பள்ளிகளில் கீழ்ப்படிவங்களுக்கு மதியம்தான், வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அரை நாள் முழுக்கப் பிள்ளை தனியாக இருப்பான்.

பட்டர்வொர்த்: எனக்கு பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை. பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கு நடந்து போகிறார்கள். தீவுக்கே மாறிவிடலாமா?

நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்கும்போதா? இருங்கள் அங்கேயே. பினாங்குப் பாலத்தில் காருக்கு டோல் 5.74 வெள்ளி, அதுவும் தீவுக்குள் போகும்போது மட்டும், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 125 வெள்ளி வரும். அந்த 125-ஐ மிச்சம் பிடிக்க தீவு விலையில் வீடு வாங்குவது கட்டுப்படியாகாது. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோலே இல்லை.

கெப்போங்: மகளுக்குக் கற்றல் குறைபாடு. வீட்டருகே உள்ள பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. வகுப்பு உள்ள பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை 500 வெள்ளி அதிகம். கணவர் தயங்குகிறார்.

இங்கே மட்டும் நான் பள்ளிக்காக மாறச் சொல்வேன். மற்ற செலவைக் குறைத்தாவது போங்கள், ஆனால் வாடகைக்கே போங்கள், வாங்க வேண்டாம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வகுப்பில் இடம் உறுதியா, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர், உதவியாளர் இருக்கிறாரா என்று பள்ளியில் கேளுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், அனுமதி கேட்டுக் கொஞ்ச நேரம் அங்கே உட்காருங்கள். அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்பதைக் கணவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.