மாராவிச்சின் 38 எறிகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச்சைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கல்லூரிக் கூடைப்பந்தில் அவர் எடுத்த 3,667 புள்ளிகளை 2024இல் வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் தாண்டிவிட்டார். இன்னும் எதற்கு அந்தப் பழம்பெருமை? கல்லூரியிலும் சரி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏவிலும் சரி, மாராவிச் கோப்பை வென்றதில்லை. தனக்காக மட்டும் ஆடியவர் என்றே தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிளார்க்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அசல் ஆட்டக்காரர். ஆனால் அவர் 3,951 புள்ளிகள் எடுத்தது நான்கு ஆண்டுகளில், 139 ஆட்டங்களில். மாராவிச்சுக்குக் கிடைத்தவை 83 ஆட்டங்கள்தான். முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட அப்போது அனுமதி இல்லை. தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் இரண்டுதான். அப்படியும் ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளிகள்.

தனக்காக ஆடினார் என்பதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த 83 ஆட்டங்களில் 3,166 முறை கூடையை நோக்கி எறிந்திருக்கிறார். 40 நிமிட ஆட்டத்தில் 38 முறை! வேறொரு பயிற்சியாளராக இருந்தால் இரண்டே வாரத்தில் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ஆனால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அவருடைய அப்பா பிரெஸ். மகன் ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்ட, காரை ஓட்டிப் பழக்கியவர். அந்த 38இல் அப்பாவின் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

என் கட்சி வேறு. மாராவிச்சைப் புள்ளிகளை வைத்து எடைபோடுவதே பிசகு. அவருடைய பாஸ்களைப் பாருங்கள். பார்வை ஒரு பக்கம், பந்து இன்னொரு பக்கம். 1977 பிப்ரவரியில் நிக்ஸ் அணிக்கு எதிராக 68 புள்ளிகள் குவித்தவருக்கு, அடுத்த ஆண்டு ஜனவரியில் முழங்கால் போனதும் ஒரு பாஸில்தான்: அந்தரத்தில், கால்களுக்கிடையே கொடுத்த பாஸ். பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு வந்த 1979-80தான் அவருக்குக் கடைசிப் பருவம். அதிலும் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து 15 எறிந்து 10 போட்டார்.

1988இல் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். வயது 40. பிறவியிலேயே இதயத்தின் இடது கரோனரித் தமனி இல்லை என்று உடற்கூறாய்வில்தான் தெரிந்தது.

பழைய காணொளித் துண்டுகள் எளிதில் கிடைக்கும். பந்தை விட்டுவிட்டு அவருடைய கண்களை மட்டும் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.