செக் புத்தகத்தைத் தூக்கிப் போடலாமா? பழைய பேங்க் குமாஸ்தாவிடம் சில கேள்விகள்

1983இல் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஓய்வு பெற்றது 2016இல். அந்த 33 வருடத்தில் பாதி செக் பிரிவிலேயே போயிற்று. அப்போதெல்லாம் காலையில் கட்டுக் கட்டாகச் செக் வரும். ரப்பர் பேண்டைக் கழற்றி, கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இப்போது என் பேரன், “தாத்தா, செக்னா என்ன?” என்கிறான்.

செக் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். செக்கோடு போனில் காசு அனுப்புவது பற்றியும் கேட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அண்ணே, அம்மாவுக்கு 76 வயது. வீட்டுப் பில், தம்பிக்குக் கொடுப்பது எல்லாமே செக்தான். செக்கைச் சட்டப்படி நிறுத்திவிட்டார்கள் என்கிறார் என் மருமகன். உண்மையா?

இல்லை. மருமகன் கொஞ்சம் அவசரப்படுகிறார். செக் செல்லும். செக்குக்கான 1949ஆம் ஆண்டு உண்டியல் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. நம் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா செய்தது வேறு வேலை. செக்கைத் தடை செய்யாமல், அதை எழுதுகிறவர் கையைக் கொஞ்சம் கடிக்கும்படி செய்தது.

2011இல் நம் நாட்டில் ஒரு வருடத்துக்கு சுமார் 20 கோடியே 70 லட்சம் செக் ஓடிக்கொண்டிருந்தது. 2020க்குள் அதை 10 கோடியாகக் குறைப்பது என்று பேங்க் நெகாரா திட்டம் போட்டது. 2015 ஜனவரி 2 முதல் ஒவ்வொரு செக்குக்கும் 50 சென் கட்டணம் வந்தது. அதைக் கொடுப்பவர் செக்கை எழுதுகிறவர், வாங்குகிறவர் இல்லை. இது போகத் தாளுக்கு 15 சென் முத்திரை வரி எப்போதும் உண்டு. 50 தாள் புத்தகம் ஒன்றை முழுக்க எழுதி முடித்தால் வரி ஏழரை வெள்ளி (ரிங்கிட்), கட்டணம் 25 வெள்ளி. மறுபக்கம், 2018 ஜூலை 1 முதல் தனிநபர்களும் சிறு வியாபாரிகளும் 5,000 ரிங்கிட் வரை உடனடியாக அனுப்பினால் கட்டணமே இல்லை என்றாகிவிட்டது. ஒன்றுக்குக் காசு, இன்னொன்று சும்மா. மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்ல வேண்டுமா?

அம்மா மாதம் நான்கு செக் எழுதுகிறார் என்றால் இரண்டரை வெள்ளிக்குச் சற்று அதிகம் ஆகும். அந்த வயதில் அது பெரிய காசில்லை. நடுங்கும் விரலால் போனைத் தட்டித் தப்பான இடத்துக்கு அனுப்புவதைவிட அவர் செக்கே எழுதட்டும் என்பேன். பில்லை மட்டும் நீங்கள் ஜோம்பேயில், அதாவது ஆன்லைனில் பில் கட்டும் முறையில், கட்டிவிடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: வீட்டுக்காரர் 12 மாத வாடகைக்கும் முன்தேதி போட்ட 12 செக் கேட்கிறார். கொடுக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். தேதி வருவதற்கு முன் வங்கி அதைக் கொடுக்காது என்பது சரி. ஆனால் தேதி வந்த அன்று கணக்கில் காசு இருந்தாக வேண்டுமே. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனாலும் செக் திரும்பிவிடும். பணமில்லாமல் திரும்பும் செக் எல்லாம் பேங்க் நெகாராவின் பதிவில் ஏறுகிறது. 12 மாதத்துக்குள் மூன்று முறை அப்படித் திரும்பினால் உங்கள் நடப்புக் கணக்கையே மூடிவிடுவார்கள். கொஞ்ச காலத்துக்கு வேறு வங்கியிலும் நடப்புக் கணக்கு திறக்க முடியாது. நான் பார்த்த பலர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. முன்தேதி செக்கைக் கொடுத்துவிட்டு மறந்து போனவர்கள்.

மாதா மாதம் இத்தனாம் தேதி இந்தக் கணக்குக்கு இவ்வளவு என்று வங்கியிலேயே நிலையான உத்தரவு போட்டுவிடலாம். அதை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது உறுதிதான், தாள் இல்லை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: அங்கிள், என் பழைய மோட்டாரை விற்கப் போட்டிருந்தேன். வாங்குகிறவர் செக் போட்டுவிட்டதாகச் சொல்லி ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கணக்கிலும் தொகை காட்டுகிறது. சாவியைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் இதைப் படியுங்கள்.

வங்கியில் செக் போடும் மெஷின் தரும் ரசீதுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ ஒரு தாளை உள்ளே போட்டார். அந்தக் கணக்கில் காசு இருக்கிறதா, கையெழுத்து சரியா, அது திருட்டுப் புத்தகத்துத் தாளா என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் இரண்டு எண் தெரியும். ஒன்று மொத்த இருப்பு, இன்னொன்று எடுக்கக்கூடிய இருப்பு. செக் தொகை முதலில் மொத்தத்தில்தான் ஏறும். எடுக்கக்கூடியதில் ஏறினால்தான் அது உங்கள் காசு. இப்போது செக்கின் படத்தைத்தான் வங்கிகள் மாற்றிக்கொள்கின்றன. கெடு நேரத்துக்குள் போட்டால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளே தெரிந்துவிடும். என் காலத்தில் வெளியூர் செக் என்றால் ஒரு வாரம் காத்திருப்போம். அடுத்த வேலை நாள்வரை தெரியாது என்பதால்தான் இந்த மாதிரி ஏமாற்றுகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயந்திரம் செக் போடுவார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் அவர்களுக்குக் கிடைக்கிறது.

இதில் இன்னொரு வகையும் உண்டு. 3,000 ரிங்கிட்டுக்குப் பதில் 5,000க்குச் செக் போட்டுவிட்டு, “கை தவறி எழுதிவிட்டேன், மீதியை உடனே அனுப்புங்கள்” என்பார்கள். நீங்கள் அனுப்புவது நொடியில் போய்விடும். அவர் போட்டது திங்கட்கிழமை திரும்பி வரும். மெதுவாக நடக்கும் செக்கையும் வேகமாக ஓடும் போனையும் சேர்த்துக் கட்டி நடத்தும் மோசடி இது. பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே உங்கள் வங்கியை அல்லது 997ஐ அழையுங்கள். மோசடிக்கென்றே 2022இல் திறந்த எண் அது.

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா: அப்பா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். செக்கில் செல்லுமா?

தாராளமாக. கணக்குத் திறந்தபோது வங்கியில் கொடுத்த மாதிரியோடு ஒத்துப் போனால் போதும். தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் பலர் தமிழில்தான் போடுவார்கள். என் பக்கத்து மேசைச் சீன நண்பருக்கு அது கோலம் மாதிரி தெரியும், என்னிடம் தள்ளிவிடுவார். ழகரத்துச் சுழியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போட்ட ஒரு தோட்டத்துக் கிராணியார் இன்னும் நினைவில் இருக்கிறார்.

செந்தூலிலிருந்து: அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அலமாரியில் இரண்டு செக் கிடைத்தது. ஒன்று அவருக்கு ஒருவர் கொடுத்தது, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. இன்னொன்று அப்பா கையெழுத்துப் போட்டுத் தொகை எழுதாமல் வைத்திருப்பது.

முதல் செக் காலாவதி. செக்குக்கு ஆறு மாதம்தான் ஆயுள். ஆனால் தாள் செத்தாலும் கடன் சாகாது. கொடுத்தவரிடம் பேசி வேறு வாங்குங்கள். அப்பாவின் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கு வருகிறதோ அவர் பெயரில் வாங்குவது முறை.

இரண்டாவதைத் தொடவே வேண்டாம். கணக்குக்காரர் இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்த நொடியில் அவர் செக்குக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் போய்விடுகிறது. “அப்பா போட்ட கையெழுத்துத்தானே” என்று தொகை எழுதி எடுத்தால், நாளைக்கு உடன்பிறந்தவர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து மறுபடியும்: கல்யாணத்தில் மொய்க்குச் செக் எழுதலாமா?

எழுதலாம், பெண் வீட்டார் மனதுக்குள் திட்டுவார்கள். உறையில் நோட்டு வையுங்கள்.

சுங்கை ஆராவிலிருந்து: எங்கள் ஆலயத்துக்குச் செக் என்றால் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்து. இப்போது எல்லாரும் கியூஆர், ஆன்லைன் என்கிறார்கள். மாறலாமா, பயமாக இருக்கிறது ஐயா.

இது நல்ல கேள்வி. இரண்டு கையெழுத்துக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது: பூ வாங்கவோ பந்தல் போடவோ பொதுக் காசு போகும்போது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆனால் செக்கில் அது ஒழுங்காக நடந்தது என்று நினைக்காதீர்கள். நான் ஒரு சங்கத்துக்குக் கணக்குத் தணிக்கை செய்தேன். தலைவர் அடிக்கடி வெளியூர் போகிறவர். போகும்போது பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிடுவார். தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும், பார்த்தது ஒருவர்தான். செக்கைக் கிழித்த பின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையைப் புரட்டினால் பாதியில் வெறும் ‘செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் யாராவது திருடியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வங்கிகள் அமைப்புகளுக்குக் கொடுக்கும் ஆன்லைன் கணக்கில் இதே முறை உண்டு. ஒருவர் பட்டியலைத் தயாரிப்பார், இன்னொருவர் தன் போனில் பார்த்து ஒப்புதல் தருவார். தலைவர் ஈப்போவில் இருந்தாலும் தொகை, பெயர், காரணம் மூன்றையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் விட முடியும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிற வேலையே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் செக்கைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன். அதற்காக ஒப்புதல் கொடுக்கும் போனையும் பாஸ்வேர்டையும் பொருளாளரிடமே கொடுத்துவிட்டால் பழைய கதைதான்.

கியூஆர் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. உண்டியல் பக்கத்தில் ஒட்டுகிற கியூஆர் ஆலயத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். ஒரு கோயிலில் ஸ்கேன் செய்தேன், பொருளாளரின் அண்ணன் மகன் பெயர் வந்தது. “தற்காலிகம்தான் ஐயா” என்றார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனேன், அதே பெயர். கமிட்டிக்காரர்கள் மாதம் ஒருமுறை தாங்களே ஒரு வெள்ளி போட்டு யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வெளியாட்கள் அதன் மேலேயே வேறு கியூஆரை ஒட்டிவிட்டுப் போவதும் உண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: டுயிட்நவ்வில் (போனில் காசு அனுப்பும் முறை) ஓர் எண் மாறி 800 வெள்ளி யாருக்கோ போய்விட்டது. செக்காக இருந்தால் நிறுத்தியிருக்கலாமே அண்ணே!

உண்மைதான். செக் எழுதிக் கொடுத்த பிறகும், அது கிளியர் ஆகும்வரை வங்கியில் சொல்லி நிறுத்தலாம். அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு ராத்திரி யோசிக்க இடம் கிடைத்தது. போனில் அந்த ராத்திரி இல்லை. இந்த ஒன்றுக்காகத்தான் செக்கை நினைத்து நானும் ஏங்குவேன்.

நீங்கள் இன்றைக்கே உங்கள் வங்கியில் சொல்லுங்கள். அவர்கள் மறுபக்கத்து வங்கியோடு பேசுவார்கள். நாள் ஆக ஆக, பெற்றவர் கணக்கில் காசு மிச்சமிருக்கும் வாய்ப்பு குறையும். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவு சொல்கிறது. அவர் “என் கணக்குக்கு வந்தது என் காசு” என்று பேசினால் இதைச் சொல்லுங்கள்.

இனிமேல் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். என் மனைவி சிரிப்பார், நான் அப்படித்தான் செய்கிறேன். குறிப்பு எழுதும் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். ‘மார்ச் வாடகை’, ‘தம்பி பள்ளிக் கட்டணம்’ என்று இரண்டு சொல் போடுங்கள். அதுதான் இந்தக் காலத்து அடிக்கட்டை.

ஜெலுத்தோங்கிலிருந்து: சிங்கப்பூர் சித்தப்பா டாலர் செக் அனுப்புகிறேன் என்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுச் செக்கை வசூலுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும், இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள். 2023 நவம்பரில் அவர்கள் பேநவ்வையும் நம் டுயிட்நவ்வையும் இணைத்தாயிற்று. போன் எண் இருந்தால் போதும், நேரே வந்துவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. பெரிய தொகையென்றால் இரண்டு மூன்று நாளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கிள்ளான் அக்கா: கடைசியில் செக் அடியோடு ஒழிந்துவிடுமா?

நியூசிலாந்தில் 2021க்குள் பெரிய வங்கிகள் எல்லாம் நிறுத்திவிட்டன. சிங்கப்பூர் முதலில் நிறுவனங்களின் செக்கை நிறுத்துகிறது. தனிமனிதர்களுக்குக் கூடுதல் அவகாசம். பிரிட்டன் கதைதான் எனக்குப் பிடித்தது. 2018இல் முடித்துக்கொள்வது என்று 2009இல் அறிவித்தார்கள். முதியவர்களும் தர்ம அமைப்புகளும் போட்ட சத்தத்தில் 2011இல் பின்வாங்கிவிட்டார்கள். நாள் குறித்து மூடினால் ஊர் சண்டைக்கு வரும், விலை வைத்து ஒதுக்கினால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். நம் பேங்க் நெகாரா இரண்டாவது வழியை எடுத்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து மறுபடியும்: என்னிடம் 37 தாள் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது?

முத்திரை வரி திரும்ப வராது, அதை மறந்துவிடுங்கள். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்வரை தாளும் செல்லும், பூட்டி வையுங்கள். கணக்கை மூடுவதென்றால் மீதித் தாளை வங்கியில் ஒப்படையுங்கள், அல்லது கீழே இருக்கும் எண் வரிசையையும் கையெழுத்து இடத்தையும் குறுக்கே வெட்டிவிடுங்கள். முழுத் தாளாகக் குப்பையில் போடாதீர்கள். எழுதி முடித்த அடிக்கட்டைகளை மட்டும் ஏழு வருடம் வைத்திருங்கள், வருமான வரிக்காரர் கேட்டால் உதவும்.