பயம் போதுமா? ஓர் அமானுஷ்ய நாவலை எடைபோடும் முறை

கேள்வி: அமானுஷ்ய நாவல் ஒன்றை இப்போதுதான் முடித்தேன். முதல் பாதியைக் கீழே வைக்க முடியவில்லை. கடைசி நூறு பக்கம் சப்பென்று ஆகிவிட்டது. வாசிப்புக் குழுவில் அதன் நிறைகுறைகளைப் பேச வேண்டும். ‘பயமாக இருந்தது, முடிவு பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. எதையெல்லாம் பார்ப்பது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விமர்சனம் இருக்கிறது. முதல் பாதி இழுத்துப் பிடித்ததும் கடைசியில் சப்பென்று போனதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் கோளாறு இருப்பதால் நேர்பவை. நாவல் தான் போட்ட விதியைத் தானே மீறியிருக்கும், அல்லது விதியே இல்லாமல் ஓடியிருக்கும். நிஜ வாழ்வில் பேய் உண்டா என்ற வழக்கை அட்டையைத் திறக்கும்போதே வாசகர் ஒதுக்கி வைத்துவிடுகிறார். இந்தப் பேயால் எது முடியும், எது முடியாது? இதற்கு நாவலிடம் பதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், அந்தச் சக்தி செய்த ஒவ்வொன்றையும் பக்க எண்ணோடு எழுதுங்கள்: கதவைத் திறந்தது, குரல் கொடுத்தது, ஒருவர் உடம்பில் புகுந்தது. வலப்பக்கம், அதனால் முடியாமல் போனவை. பதினைந்து இருபது குறிப்பு சேர்ந்ததும் ஓட்டைகள் தாமாகத் தெரியும். 60-ஆம் பக்கத்தில் பூட்டிய கதவு அதைத் தடுத்தது, 240-இல் சுவரைக் கடந்து வருகிறது என்றால், இடையில் எங்காவது காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் எழுத்தாளருக்கு ஒரு திடுக்கிடல் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதை வெறும் தர்க்கப் பிழை என்று விட்டுவிட முடியாது. எல்லாம் செய்யவல்ல ஒன்றிடமிருந்து தப்பிக்கத் திட்டம் போட வழியில்லை. திட்டத்துக்கு வழியில்லாத கதையில் பாத்திரங்களின் புத்திக்கும் துணிச்சலுக்கும் மதிப்பில்லை. பயம் அங்கேதான் செத்துப்போகிறது.

கட்டுப்பாடு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 1897-இல் வந்த ‘டிராகுலா’ என்ற ஆங்கில நாவல் நல்ல அளவுகோல். வீட்டார் ஒருவர் அழைத்தாலொழிய அந்த ரத்தக் காட்டேரியால் ஒரு வீட்டுக்குள் முதன்முறை நுழைய முடியாது. ஓய்வெடுக்கத் தன் ஊர் மண் வேண்டும். அதற்காக 50 பெட்டி மண்ணைக் கப்பலேற்றி வருகிறது. இந்த இரண்டாவது விதியிலிருந்துதான் பின்பாதியில் அதைத் துரத்துபவர்களின் வேட்டை முழுவதும் பிறக்கிறது: பெட்டிகள் எங்கே, எத்தனை மிச்சம்?

அடுத்து, தீர்வு எங்கே விதைக்கப்பட்டது என்று பாருங்கள். உச்சக்கட்டத்தில் பேயை அடக்கிய பொருளோ மந்திரமோ ரகசியமோ முதலில் எந்தப் பக்கத்தில் தலைகாட்டியது என்று புரட்டிப் போங்கள். 300 பக்க நாவலில் அது 280-இல்தான் வருகிறது என்றால் குறை உறுதி. அதைக் கொண்டுவந்து கொட்டுபவர் வழக்கமாக ஒரு ‘விஷயம் தெரிந்தவர்’: மந்திரவாதி, ஆராய்ச்சியாளர், வயதான பாட்டி. அவர் வந்து மூன்று பக்கம் பேசுவார், எல்லாம் விளங்கிவிடும். நல்ல நாவலில் இவர் சொல்வதில் பாதி தப்பாக இருக்கும், அல்லது அவர் சொன்னதைக் கேட்டதற்கு யாராவது விலை கொடுக்க நேரும்.

உங்கள் ‘கடைசி நூறு பக்க’த்துக்கு வருவோம். நடந்தது இயற்கையா, அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் நேரம்தான் இந்த வகை எழுத்தின் உயிர் என்று 1970-இல் தோதரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் எழுதினார். அந்தத் தயக்கத்தைக் கடைசி வரி வரை காப்பாற்றிய கதைகள் உண்டு. 1898-இல் வெளியான ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் ஆவி உண்மையா, கதைசொல்லும் பெண்ணின் மனப்பிரமையா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஆனால் தயக்கத்தை நடுவில் உடைப்பது குற்றமில்லை. உடைத்த பிறகு அதன் இடத்தில் எதை வைத்தார்கள் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். ‘பேய் இருக்கிறதா?’ என்பது முடிந்த இடத்தில், ‘அதற்கு என்ன வேண்டும்? அதை யார் கொடுப்பார்கள்?’ என்று வலுவான இன்னொரு கேள்வி தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் மிச்சமிருப்பது ஓட்டமும் அலறலும்தான். நீங்கள் சலித்த பக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய முப்பது பக்கத்தில் பேய் உண்டு என்று உறுதியாகிவிடும் இடத்தைத் தேடுங்கள். அநேகமாகக் கிடைக்கும்.

மொழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயம் கடைசியில் வாக்கியத்தில்தான் உண்டாகிறது. இரண்டு மாதிரிகள்:

‘அறை முழுவதும் விவரிக்க முடியாத ஏதோ ஒரு பயங்கரம் சூழ்ந்திருந்தது. அவள் உடல் நடுங்கியது.’

‘மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றும் அப்படியே இருந்தன. பக்கத்தில் நான்காவதாக ஒன்று, பாதி குடித்தபடி.’

முதலாவது, நாம் என்ன உணர வேண்டும் என்று உத்தரவிடுகிறது. இரண்டாவதில் ‘பயம்’ என்ற சொல்லே இல்லை. எண்ணிப் பார்க்க வைக்கிறது, எண்ணிக்கை இடிக்கிறது. நாவலின் மூன்று பயக் காட்சிகளை எடுத்து ‘பயங்கர’, ‘மர்மமான’, ‘ஏதோ’, ‘இனம்புரியாத’ ஆகியவற்றை அடிக்கோடிடுங்கள். பக்கம் கோடுகளால் நிறைந்தால் அதுவே உங்கள் சான்று. எந்தப் புலன்களைத் தொடுகிறது என்றும் பாருங்கள். குளிர்காற்று ஒருமுறை வேலை செய்யும். நான்காவது முறை வீசும்போது அது வானிலை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. பேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு திருடனையோ கொலைகாரனையோ வைத்துப் பாருங்கள். கதை அலுங்காமல் நடந்தால் பேய் வெறும் அலங்காரம். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குக் கேட்கும் காலடிச் சத்தத்தை அப்படி மாற்ற முடியாது. அவளுடைய துக்கமும் அந்தச் சத்தமும் ஒன்று. அந்தப் பிணைப்பு இருந்தால் விதிகளில் ஒன்றிரண்டு ஓட்டைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்னவற்றில் இரண்டு: இவ்வளவு நடந்தும் அவர்கள் ஏன் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை? கடன், நோயாளி, காணாமல்போனவர் என்று ஏதாவது கட்டிப்போட்டிருக்க வேண்டும். காதலும் கலந்த கதையென்றால், சாவில்லாத ஒருவருக்கும் சாதாரண மனிதருக்கும் இடையே பலத்தில் உள்ள வித்தியாசத்தைக் கதை கவனிக்கிறதா, இல்லை மிரட்டலையே காதலாக விற்கிறதா?

குழுவில் பேசும்போது எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். நிறையில் ஒன்று, குறையில் ஒன்று, இரண்டுக்கும் பக்க எண்ணோடு சான்று. பத்து நிமிடத்துக்கு இது தாராளம். நாவல் எதற்கு முயன்றதோ அதைக்கொண்டே அளந்து பாருங்கள். துக்கத்தைச் சொல்ல வந்த மெதுவான கதையிடம் ‘நான் அலறவில்லையே’ என்று கேட்பது நியாயமில்லை. முடிவை உடைக்காமல் பேச, ‘முற்பாதியில் பூட்டு தடுத்தது, பிற்பாதியில் தடுக்கவில்லை’ என்ற அளவில் நிறுத்துங்கள். பிறகு நல்ல காட்சியிலிருந்து ஒரு பத்தி, தளர்ந்த காட்சியிலிருந்து ஒரு பத்தி, இரண்டையும் அடுத்தடுத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.