அரிஷ்டம் குடித்தவர் ஊதினால் என்ன ஆகும்?

கேள்வி: என் கணவர் அசிஸ்டென்ட் லோகோ பைலட். மதுவைத் தொட்டதே இல்லை. வாயுத் தொல்லைக்குத் தென்காசி வைத்தியர் கொடுத்த அரிஷ்டத்தை, டியூட்டியில் இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி குடிப்பார். போன வாரம் அவர் போன வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி நின்றது. உடனே ஊதச் சொன்னதில் கருவி ஏதோ எண் காட்டியிருக்கிறது. அப்புறம் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். வேலை போய்விடுமா? — தச்சநல்லூர் வாசகி

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊதியதில் எண் வந்துவிட்டது என்பதாலேயே அவர் குடித்திருந்தார் என்று ஆகிவிடாது. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும்.

அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்கிற மருந்துகள். அந்தப் புளிப்பிலேயே ஆல்கஹால் உண்டாகிவிடும். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். பாட்டில் லேபிளைப் பாருங்கள், போட்டிருப்பார்கள். இரண்டு மூடி என்பது சுமார் 30 மில்லி. 60 கிலோ எடையுள்ளவர் அதைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் நாலைந்து மில்லிகிராம்தான் ஏறும். உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்குக் கழித்துவிடும் என்பதால் அதுவும் சீக்கிரமே போய்விடும். சாலையில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்.

அப்படியானால் கருவி ஏன் காட்டியது? குடித்தவுடன் ஆல்கஹால் வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும். கருவி நுரையீரல் காற்றை அளப்பதாக நினைத்து அந்த வாய் ஆவியையும் சேர்த்து அளந்துவிடும். இது 15 நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால்தான் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை ஊத வைத்தார்களா, இரண்டுக்கும் நேரம் பதிவாகியிருக்கிறதா, கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். டியூட்டி ஏறும்போது லாபியில் (ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டு டியூட்டி ஏற்கும் அலுவலகம்) ஊதிய பதிவு கணினியில் இருக்கும். அது பூஜ்யம் என்றால் அவருக்கு நல்ல ஆதாரம்.

ரத்தம் எடுத்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்திருக்கக் கூடாது. ரத்தம் சோடியம் ஃப்ளூரைடு போட்ட, சாம்பல் மூடிக் குழாயில் போயிருக்க வேண்டும். அது இல்லாத குழாயை நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்திருந்தால், கிருமிகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையிலிருந்தே ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். குழாய்க்கு முத்திரை, எடுத்த நேரம், யார் கையில் போனது என்ற பதிவு, எல்லாம் வேண்டும். நேரம் தாமதமானால் உண்மையிலேயே குடித்தவரும் தப்பிவிடுவார் என்பதால், சம்பவம் நடந்ததும் சோதனை செய்வதில் தவறே இல்லை. பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் (நம்ம நாங்குநேரி, வள்ளியூர் எல்லாம் அந்தக் கோட்டம்தான்) ஊதும் சோதனையில் எண் வந்தவர்களுக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லாமல் போன பிரச்சினை பெரிதானது. ஹோமியோ மருந்து, இளநீர், இருமல் மருந்து சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்றுகூட உத்தரவு போட்டு, சில நாளில் திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் உங்கள் கணவர் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ரயில்வே பொது விதி 2.09, டியூட்டிக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்தே மதுவோ போதை தரும் மருந்தோ எடுக்கக் கூடாது என்கிறது. மருந்தில் இருந்த ஆல்கஹாலையும் இதில் சேர்த்து வாதாட வாய்ப்புண்டு. அதற்காக 'ஒன்றுமே குடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வைத்தியர் சீட்டு, பாட்டில், குடித்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சிக்னலைத் தாண்டியது தனிக் குற்றச்சாட்டு. ஆல்கஹால் பூஜ்யம் என்று வந்தாலும் அது நிற்கும். தூக்கம், டியூட்டி நேரம், பிரேக் நிலை எல்லாம் அங்கே பேச வேண்டியவை.

சார்ஜ் ஷீட் வந்தால், அவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விசாரணையில் துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. தண்டனை விதித்தால் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அரிஷ்டத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வைத்தியரிடம் கேட்டுச் சூரணமாகவோ புளிக்க வைக்காத கஷாயமாகவோ மாற்றிக்கொள்ளலாம். டியூட்டி நாளில் பதனீரும் வேண்டாம், வெயில் ஏற ஏற அதுவும் புளிக்கும்.