ரெசனன்ஸைக் கூட்டினால் பேஸ் ஏன் மெலிகிறது?

கேள்வி: மினிமூக் பாணி சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் இசைக்கருவி) ரெசனன்ஸைக் (கட்ஆஃபை ஒட்டிய ஒலியைத் தூக்கும் அளவு) கூட்டியதும் பேஸ் (அடித்தள ஒலி) மெலிந்துவிடுகிறது. 'ட்யாவ்' என்ற சறுக்கலும் வரவில்லை. என்ன தவறு?

பதில்: மெலிவது உங்கள் தவறல்ல. 1970-இல் வந்த மினிமூக்கின் லேடர் ஃபில்டரில் (உயர் அதிர்வெண்களை வெட்டும் சுற்று), வெளிவரும் ஒலியில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பி உள்ளே போகிறது. கட்ஆஃபை, அதாவது வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணை, ஒட்டி அது ஒலியைத் தூக்கும். அதற்குக் கீழே மூல ஒலியையே தின்னும். ரெசனன்ஸ் குமிழைப் பாதிக்குமேல் திருப்பாதீர்கள். மென்பொருள் சின்த் என்றால், ஃபில்டரைத் தொடாத சைன் அலை ஒன்றை அடியில் சேருங்கள்.

சறுக்கல், கட்ஆஃபை நேரத்தோடு ஏற்றி இறக்கும் ஃபில்டர் என்வலப்பின் வேலை. கட்ஆஃபை 150 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, என்வலப் அளவை ஏற்றுங்கள். அட்டாக் (ஏறும் நேரம்) 0, டிகே (இறங்கும் நேரம்) 250 மில்லிவிநாடி, சஸ்டெய்ன் (இறங்கியபின் நிற்கும் அளவு) 0. கட்ஆஃப் ஏற்கெனவே உச்சியில் இருந்தால் என்வலப் ஏற இடமேது? தொடக்கத்தில் 'டிக்' கேட்டால், ஒலியளவு என்வலப்பின் அட்டாக்கை மட்டும் 3 மில்லிவிநாடி ஆக்குங்கள்.