ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் கேரர் வேலைக்குப் போகும் தங்கச்சிக்கு

மாணவர் விசாவில் லண்டன் வந்திருக்கிறேன், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற கேரர் வேலை பகுதி நேரமாகக் கிடைத்திருக்கிறது, ஏஜென்சி யூதர்கள் நிறைய வாழும் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் யூத முதியவர்கள் வீடாகவே கொடுக்கிறது, எந்த நேரமும் யார் யாரோ கதவைத் தட்டிக்கொண்டு வருகிறார்கள், அவர்கள் யார், நான் எப்படி நடந்துகொள்வது, அப்புறம் அறை வாடகை, குளிர் கோட்டு, இட்லி அரிசி என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். வாடகையும் கோட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரிசி நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாமில் கிடைக்கும். அந்தக் கதவைத் தட்டுகிற ஆட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உனக்கு என் மகள் வயசு இருக்கும், நீ என்றே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பாடம் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதே. கையில் காசு தருகிறேன், கணக்கில் வராது என்பார்கள், மாட்டினால் போவது உன் விசாதான். ஊரில் இருக்கும் உன் தோழிக்குக் கேரர் விசா வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவனையும் நம்பாதே, வெளிநாட்டிலிருந்து கேரர்களை எடுப்பது 2025 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்படி ஏமாற்றுபவர்களில் நம் ஆட்களும் உண்டு, தமிழில் பேசுகிறார் என்பதற்காக யாருக்கும் பணம் அனுப்பாதே.

சரி, வீட்டுக்குள் வருவோம். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதனால் சமையலறையில் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம், பல வீடுகளில் தொட்டியே இரண்டு. எது எதற்கு என்று முதல் நாளே கேட்டுக்கொள், நீயாக ஒரு கரண்டியை எடுத்துக் கழுவி அடுக்கிவிடாதே. உன் தயிர்ச்சாத டப்பாவை அவர்கள் மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதே. புளித்த மாவுப் பண்டம் ஆகாத பஸ்கா பண்டிகை நெருங்கும்போது பையில் ஒரு பிஸ்கட் துண்டுகூட இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் அவர்களுடைய வார ஓய்வு நாளான ஷபாத் தொடங்கிவிடும், டிசம்பரில் மாலை மூன்றரை மணி வாக்கிலேயே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள், ஏஜென்சியில் ரோட்டா, அதாவது வேலை நேர அட்டவணை, போடுகிற பெண்ணுக்கு அது மண்டையில் ஏறாது, நீதான் நினைவுபடுத்த வேண்டும். ஷபாத்தில் அவர்கள் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். விளக்கைப் போடு என்று உன்னிடம் சொல்லவும் தயங்குவார்கள். 'இங்கே ஒரே இருட்டாக இருக்கிறதே' என்று பாட்டி சுவரைப் பார்த்துச் சொன்னால் நீ புரிந்துகொள்ள வேண்டும். மாமியார் வீட்டில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் கஷ்டமா என்ன?

இப்போது வந்துபோகிற ஆட்கள். உன் கேள்வியில் ஒரு எரிச்சல் தெரிகிறது, நம்மை வேவு பார்க்க வருகிறார்களோ என்று. புதிதாக வருகிற எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். வேலைக்கு உனக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, ஆனால் அவசரம் என்றால் ஏஜென்சி போனை எடுக்காது, இப்படி வந்துபோகிற அக்கம்பக்கத்து யூதர்கள் எடுப்பார்கள். எனக்கு வாய்த்த ஏஜென்சி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு பஸ்ஸில் போகிற நேரத்துக்குக் காசே தந்ததில்லை, கால் மணி நேரத்தில் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை எழுதி வைத்துவிட்டு ஓட வேண்டும். அந்தக் கால் மணி நேரம் போக மீதி நாள் முழுவதையும் பார்த்துக்கொள்வது அந்தத் தெருக்காரர்கள்தான்.

வியாழக்கிழமை இரவு கதவருகே பெட்டியை வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிற பையன்கள் ஷபாத்துக்கான சாப்பாட்டுப் பொருள் கொண்டுவருபவர்கள். அவர்களை நிறுத்தி உள்ளே கூப்பிடாதே, நன்றி சொல்ல ஓடாதே. வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற அறிஞர் தர்மத்தை எட்டுப் படியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது மேலிருந்து இரண்டாவது படி. எல்லாவற்றுக்கும் மேலே, கடனோ வேலையோ கொடுத்து ஒருவரைக் கையேந்தாமல் ஆக்குவது.

கடன் என்றதும் கெமாக் நினைவுக்கு வருகிறது. வட்டியில்லாமல் பணமும், வாடகையில்லாமல் பொருளும் இரவல் தருகிற இடம். பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறையோ கராஜோதான். ஒருத்தர் வீட்டில் மடக்கு நாற்காலி, இன்னொருத்தர் வீட்டில் கல்யாண உடுப்பு, இன்னொருத்தரிடம் குழந்தைத் தொட்டில். நான் வந்த முதல் குளிர்காலத்தில் நான் பார்த்துக்கொண்ட தாத்தாவை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், கட்டிலருகே வைக்கிற கழிப்பறை நாற்காலி கவுன்சிலிலிருந்து அடுத்த வாரம் வருமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா இரண்டு போன் போட்டார், ஷபாத் தொடங்குவதற்குள் ஒரு பையன் வேனில் நாற்காலியும் சக்கர நாற்காலியும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டான். கையெழுத்துகூடக் கேட்கவில்லை.

யாராவது மயங்கி விழுந்தால் அவசர எண் 999 அடிக்க வேண்டும், அதில் மாற்றமில்லை, ஆனால் ஹாட்ஸோலா எண்ணும் கையில் இருக்கட்டும். தன்னார்வலர்கள் நடத்துகிற ஆம்புலன்ஸ், நியூயார்க்கில் 1960களில் தொடங்கி, 1979இல் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லுக்கு வந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள். உயிர் காப்பது ஷபாத்தை விடப் பெரியது என்பதால் சனிக்கிழமையும் வண்டி ஓட்டுவார்கள்.

'அவங்க பணக்காரங்க அக்கா, அதான் முடியுது' என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் ஒரே அறையில் நாலைந்து பிள்ளைகள் படுக்கிறார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கம் போனால் ப்ரூன் தெருவில் ஒரு பழைய கட்டடத்தைப் பார், 'யூத ஏழைகளுக்கான சூப் கிச்சன்' என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும். 1902இல் கட்டியது, 1992 வரை நடந்தது. ரஷ்யாவிலிருந்து அடிபட்டு ஓடி வந்தவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். அப்படி வரிசையில் நின்ற சமூகம்தான் இன்று பெட்டி தூக்குகிறது.

நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி, ஹிட்லர் காலத்தில், 1938–39இல், பெற்றோர் இல்லாமல் இங்கே ரயிலேற்றி அனுப்பப்பட்ட சுமார் 10,000 குழந்தைகளில் ஒருத்தி. வியன்னாவிலிருந்து வந்தவர். அவர் வீட்டுக்கும் வியாழக்கிழமை பெட்டி வரும். ஆனால் வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் ஜன்னலோரம் இருக்கிற தகர உண்டியலில் காசு போடாமல் இருக்க மாட்டார். வாங்கிச் சாப்பிடுகிறவரும் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். என் சம்பளக் கவலையைக் கேட்டுவிட்டு, வட்டியில்லாக் கடன் தருகிற ஒருவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டார். நான் வாங்கவில்லை, ரோஷம்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். உதவி முதலில் தங்களுக்குள்தான். ஒரு வீட்டில் நடப்பது மறுநாள் தெருவுக்கே தெரியும், கேரர் எப்படிப்பட்டவள் என்பதும் தெரிந்துவிடும். ஆண்கள் சிலர் உன் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், கை கொடுக்க மாட்டார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே.

என் வயிற்றெரிச்சல் வேறு. நம் சங்கங்களுக்குப் பொங்கல் விழா மேடையும் பொன்னாடையும் இருக்கிறது, மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிற நம் ஐயா சாப்பிட்டாரா என்று தெரியாது. பெற்றவர்களை பேரப்பிள்ளை பார்க்க வரவழைத்து, அப்புறம் நாள் முழுக்க வீட்டில் பூட்டி வைத்துவிட்டு ஓவர்டைம் போகிறவர்கள் எத்தனை பேர். நம்மிலும் இப்படி ஒன்று செய்யலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன், பேனரில் யார் படம் வரும் என்று விவாதம் நடந்தது. பிறகு நாங்கள் சில பெண்கள் பேனர் இல்லாமலே தொடங்கிவிட்டோம், ஞாயிறு மதியம் ஈஸ்ட் ஹாமில் நாலு வீட்டுக்குச் சாப்பாடு. நீ அரிசி வாங்க வருகிற நாளை ஞாயிறாக வைத்துக்கொண்டால் கூட வரலாம். படியேற ஆள் போதவில்லை.