மூத்தவனுக்கு டைப் 1 சர்க்கரை. மூன்று வயது இளையவளுக்கு ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா உள்ள மருந்து) கொடுத்தால் வராமல் தடுக்கலாமா?

தடுக்கும் என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் இல்லை. குடல் பாக்டீரியாவுக்கும் டைப் 1 சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறது. மருந்துக்கடையில் பாக்கெட்டாக வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு அது இன்னும் தெளிவாகவில்லை.

இந்தத் தொடர்பு பற்றிய பேச்சு வலுத்த இடம் பின்லாந்து. உலகிலேயே டைப் 1 மிக அதிகம் அங்கேதான். எல்லையைத் தாண்டினால் ரஷ்யாவின் கரேலியா. மரபணு அபாயம் ஏறக்குறைய அதேதான், நோயோ ஐந்தாறு மடங்கு குறைவு. பின்லாந்து, எஸ்தோனியா, கரேலியாவைச் சேர்ந்த 222 குழந்தைகளின் மலத்தை மூன்று வயதுவரை ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். பின்லாந்து, எஸ்தோனியக் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா வகை மேலோங்கியிருந்தது. கரேலியாவில் பிஃபிடோ, ஈ.கோலை என்ற வேறு பாக்டீரியாக்கள். ஈ.கோலையின் மேலுறையில் உள்ள எல்பிஎஸ் என்ற பொருள் நோய் எதிர்ப்புச் செல்களை நன்றாகத் தட்டியெழுப்பிப் பழக்குகிறது. பாக்டீராய்டிஸின் எல்பிஎஸ் அதைச் செய்யவில்லை, சொல்லப்போனால் தடுத்தது. சர்க்கரை வரும் எலிகளுக்கு ஈ.கோலை எல்பிஎஸ் செலுத்தியபோது நோய் தள்ளிப்போனது. எலிக்கு.

மனிதக் குழந்தைகளில் படம் இவ்வளவு பளிச்சென்று இல்லை. அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடனில் டைப் 1 அபாய மரபணு உள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்த டெடி ஆய்வு 783 குழந்தைகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மல மாதிரிகளை 2018இல் அலசியது. நோய் வராதவர்களிடம் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலம் (நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பொருள்) தயாரிக்கும் பாக்டீரியா மரபணுக்கள் கூடுதல், அவ்வளவுதான். 'இதுதான் குற்றவாளி' என்று ஒரு பாக்டீரியாவைக் கைகாட்ட முடியவில்லை. எது முந்தியது என்பதும் சிக்கல்: 2015இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், குடல் பாக்டீரியா வகைகள் குறைந்தது ஆட்டோ ஆன்டிபாடி (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்கத் தொடங்கியதைக் காட்டும் ரத்த அடையாளம்) தோன்றிய பிறகுதான். அப்படியானால் அது தீ மூட்டியதா, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதா?

ப்ரோபயாடிக் பற்றியும் டெடியில் பார்த்தார்கள். பிறந்து 27 நாளுக்குள் ப்ரோபயாடிக் கொடுக்கப்பட்ட, அதிக அபாய மரபணு உள்ள குழந்தைகளிடம் ஆட்டோ ஆன்டிபாடி குறைவாக வந்தது. இது கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல, பெற்றோர் தாமாகக் கொடுத்ததைக் கணக்கெடுத்தது. உங்கள் மகள் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டாள். தயிரும் பழைய சோறும் உணவாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். மருந்தாக எண்ண வேண்டாம். சின்ன வயதில் கொடுத்த ஆன்டிபயாடிக்தான் காரணமோ என்றும் புழுங்க வேண்டாம். டெடியில் அப்படித் தொடர்பு தெரியவில்லை.

ப்ரோபயாடிக் வாங்கும் பணத்தை ஆன்டிபாடி பரிசோதனைக்குச் செலவிடுங்கள். உடன்பிறந்தவருக்கு அபாயம் நூற்றில் ஐந்து அளவு. ஜிஏடி65, ஐஏ2, இசட்என்டி8, இன்சுலின் ஆகிய நான்கு ஆன்டிபாடிகளையும் பார்க்கச் சொல்லிக் குழந்தைகள் நீரிழிவு மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்றால் திரும்பச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். இரண்டு நிலைத்திருந்தால் பத்து ஆண்டுக்குள் நோய் வர ஏறத்தாழ 70 சதவீத வாய்ப்பு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) மட்டும் எடுத்துவிட்டு நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். அது தாமதமாகத்தான் ஏறும்.

அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், எடை குறைவது, படுக்கையை நனைக்காத குழந்தை திரும்ப நனைப்பது: இதில் ஏதாவது தெரிந்தால் மூத்தவனின் குளுக்கோமீட்டரிலேயே பாருங்கள். விரலைக் குத்தும் ஊசியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். முதலில் விரலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் தின்ற விரலில் அளவு பொய்யாக எகிறும். 200க்கு மேல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, வாயில் பழவாசனை இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு. வீட்டில் இருக்கிறதே என்று மூத்தவனின் இன்சுலினை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.